படுக்கை மருந்தாகுமா?

சென்ற மார்கழி மாதத்தில் ஒரு நாள் காலை, புத்தகங்கள் நிறைந்த பெட்டி ஒன்றைக் குனிந்து தூக்கினோம். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. நம் இடுப்புத்தான் பிடித்துக்கொண்டது. குனிந்தவர் குனிந்தபடியே நின்றோம்.

அரை மணி நேரத்தில் வீட்டில் ஒரு வைத்திய மகாநாடே கூடிவிட்டது. "வாயு" என்றார் எதிர்வீட்டுக்காரர். "சுளுக்கு" என்றார் மைத்துனர். தைலம் என்றும், தவிட்டு ஒத்தடம் என்றும், நொச்சி இலை என்றும் ஆளுக்கு ஒன்று சிபாரிசு செய்தார்கள். நோயின் பெயரிலும் மருந்திலும் அபிப்பிராய பேதம் இருந்தபோதிலும், ஒரு விஷயத்தில் மகாநாடு ஏகமனதாயிருந்தது: அசையாமல் படுத்திருக்க வேண்டும். "நாலு நாள் எழுந்திருக்காதேடா, தானே சரியாய்ப் போகும்" என்று நம் தாயாரும் உத்தரவு போட்டுவிட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதி அனுப்பிவிட்டுப் படுத்தோம். ஐந்தாம் நாள் எழுந்தபோது, இடுப்போடு முதுகும் தொடையும் சேர்ந்து மரமாய் விறைத்திருந்தன. வைத்தியர் நன்றாகப் பரீட்சித்துவிட்டு, "பயப்படும்படி ஒன்றுமில்லை. நாளைக்கே பள்ளிக்கூடம் போங்கள், தினமும் நடங்கள்" என்றார். மருந்தைவிட இந்த வார்த்தைதான் நமக்கு அதிக ஆச்சரியத்தைத் தந்தது.

வைத்தியர் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. பின்லாந்து தேசத்தில், ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்களுள் திடீர் இடுப்புவலி கண்ட 186 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்தார்கள். முதற் பிரிவார் இரண்டு நாள் படுக்கையில் இருந்தனர். இரண்டாம் பிரிவார் முதுகுக்கான பயிற்சிகளைச் செய்தனர். மூன்றாம் பிரிவார் வலி இடங்கொடுத்த மட்டும் தங்கள் வழக்கமான காரியங்களைச் செய்து வந்தனர். 1995-ஆம் ஆண்டில் வெளியான முடிவு என்ன? வழக்கமான காரியங்களைச் செய்தவர்களே முந்திக்கொண்டார்கள். குணமடைவதில் பின்தங்கியவர்கள் படுத்திருந்தவர்கள்.

இடுப்புவலிகளில் மிகப் பெரும்பாலானவை கொடிய வியாதியால் வருவன அல்ல. சில வாரங்களில் தாமாகவே தணிவன. வலியே இல்லாத மனிதர்களைப் படம் எடுத்துப் பார்த்தாலும், வயது ஏற ஏற முதுகெலும்பின் வட்டுகளில் பிதுக்கமும் தேய்வும் தென்படவே செய்கின்றன. ஆகையால் படத்தைப் பார்த்துப் பயந்து படுக்கையை விரிப்பது சரியல்ல.

முழங்காலின் கதை

நாம் எழுந்து நடமாடிய பிறகுதான் நம் தாயாரைப் பற்றிய கவலை பிறந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு அவருக்கு முழங்கால் வலி வந்தது. "தேய்ந்துவிட்டது, இனி நடக்க நடக்க இன்னும் தேயும்" என்று யாரோ சொன்னார்கள். அன்று முதல் அடுத்த தெருக் கோயில் நின்றது. பிறகு வாசல் திண்ணை நின்றது. வலி குறையவில்லை, அவருடைய உலகந்தான் கூடத்தளவாய்க் குறைந்தது.

"தேய்மானம்" என்னும் சொல்லே இவ்வளவுக்கும் காரணம். வண்டியின் அச்சு உருள உருளத் தேய்வதுபோல் முழங்காலும் தேய்கிறதென்று எண்ணிவிடுகிறோம். ஆனால் அச்சு உயிரற்றது; மூட்டு உயிருள்ளது. எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. கடற்பஞ்சை அழுத்திவிட்டால் அது நீரை உறிஞ்சுவதுபோல, நடக்கும்போது அமுங்கியும் விரிந்தும்தான் அது மூட்டு நீரிலிருந்து தன் போஷணையைப் பெறுகிறது. நடையை நிறுத்தினால் குருத்தெலும்புக்கும் உணவு குறைகிறது. முழங்காலைத் தாங்கும் தொடைத் தசையும் மெலிகிறது. தாங்குவார் இல்லாத மூட்டு மேலும் வலிக்கிறது. வலிக்கிறதென்று மேலும் உட்காருகிறோம்!

இதற்குப் பரிகாரம் எளியது. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேரே நீட்டி, ஐந்து விநாடி நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை. பிறகு, கூடிய மட்டும் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். அத்துடன் தினம் சிறிது நடை. பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தால் பாதகமில்லை. மறு நாளும் வலி மிகுந்திருந்தாலோ, மூட்டு வீங்கினாலோ, அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உடல் பருத்தவர்கள் எடையையும் குறைப்பது நலம். ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறதென்று 2005-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

ஒத்தடமும் தைலமும் வீணல்ல. விறைத்த தசைக்கு வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். இதத்தோடு எழுந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான். வலி மாத்திரையை மட்டும் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கலாகாது. அவற்றுள் பல, வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். முதியவர்களுக்கும் இரத்த அழுத்தக்காரர்களுக்கும் ஆபத்து அதிகம்.

தாமதிக்கக் கூடாத வேளை

எல்லா வலியையும் நடந்தே தீர்க்கலாம் என்று நாம் சொல்லவில்லை. மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கி, ஜுரமும் கண்டால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். இடுப்புவலியோடு கால் பலமிழந்தாலோ, ஆசனப் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போனாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கீழே விழுந்தபின் காலூன்ற முடியாவிட்டாலும், காரணமின்றி உடல் இளைத்து வந்தாலும், இரவெல்லாம் விடாமல் வலித்தாலும், காலையில் கைவிரல் மூட்டுகள் வெகு நேரம் விறைத்திருந்தாலும் தவறாமல் காட்ட வேண்டும்.

தாயாரையும் அதே வைத்தியரிடம் அழைத்துச் சென்று, பயமில்லை என்று கேட்டுக்கொண்ட பிறகே பயிற்சியை ஆரம்பித்தோம். முதல் வாரம் கூடத்திலிருந்து வாசல் வரை. அடுத்த வாரம் எதிர்வீடு வரை. "என்னை ஏண்டா இப்படிப் படுத்துகிறாய்?" என்று அவர் கோபித்துக்கொண்ட நாட்களும் உண்டு. வலி அடியோடு போய்விட்டதென்று சொன்னால் பொய்யாகும். ஆனால் சென்ற வெள்ளிக்கிழமை, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மூன்று வருஷத்துக்குப் பின் அவர் அடுத்த தெருக் கோயிலுக்கு நடந்தே போனார். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து, "கோபுரத்துக்கு வர்ணம் அடித்திருக்கிறார்களே, ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே!" என்றார்.

உங்கள் வீட்டுக் கூடத்திலும் அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். வைத்தியரைக் கேட்டுக்கொண்டு, நாளைக் காலையில் அவரை வாசல் வரை கைப்பிடித்து அழைத்து வாருங்கள்.