பாளை விரியும் வரை

சேம்பும் சேனைக்கிழங்கும் தமிழர் சமையலில் நெடுங்காலமாக இடம்பெற்றவை. வீட்டு முகப்பில் படரும் மணிபிளாண்ட் கொடியும், பூக்கடைகளில் காணும் ஆந்தூரியமும் அவற்றின் உறவுகளே ஆகும். 3,000க்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட இக்குடும்பத்தைத் தாவரவியலார் அரேசி என்பர். தோற்றத்தால் வேறுபட்ட இச்செடிகளை ஒன்றிணைப்பது பூங்கொத்தின் அமைப்பாகும். தடித்த கதிரின்மேல் நுண்ணிய பூக்கள் நெருங்கி அமைய, அக்கதிரைப் பாளை ஒன்று சூழ்ந்து நிற்கும்.

இக்குடும்பச் செடிகளை இலையைக் கொண்டு மட்டும் இனங்காண்பது அரிது. தொட்டியில் உள்ளங்கையளவு இலை விடும் மணிபிளாண்ட், மரத்தில் ஏறிப் படர்ந்தால் முழ அளவுக்கு மேற்பட்ட, கிழிந்த இலைகளை விடும். இரண்டும் ஒரே கொடி என்று நம்புவது கடினம். இக்கொடி மிக அரிதாகவே பூப்பது. 1880இல் போத்தோஸ் என்னும் பேரினத்தில் வைக்கப்பட்ட இதன் பூ 1962இல் காணப்பட்டதும், அதன் இடமும் பெயரும் மாறின. ஒரு பூ, நெடுங்காலப் பிழையைத் திருத்தியது.

அவ்வாறாயின், பூவை உலர்த்தி வைத்தால் போதாதோ எனும் வினா எழலாம். சதைப்பற்றுள்ள பாளை உலரும்போது சுருங்கும், நிறம் மாறும், உள்ளுறுப்புகளின் அமைப்பு சிதையும். எனவே இவற்றை உயிருடன் காண்பதே சிறந்தது. இதனை உணர்ந்து செயற்பட்டவர் ஹென்ரிக் வில்ஹெல்ம் ஷாட். 1817இல் தொடங்கிய ஆஸ்திரியப் பிரேசில் ஆய்வுப் பயணத்தில் பங்கேற்ற இவர், பின்னர் வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனைத் தோட்டங்களின் பொறுப்பை ஏற்றார். அங்குள்ள பசுமைக்குடில்களில் வெப்பமண்டலச் செடிகளை வளர்த்து, பூத்தவுடன் ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். அவ்வாறு உருவான ஓவியங்கள் 3,000க்கும் மேற்பட்டவை. 1860இல் இக்குடும்பத்தை வகைப்படுத்தும் நூலையும் வெளியிட்டார். அவர் தொகுத்த உலர்மாதிரிகளின் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போரில் அழிந்தது, ஓவியங்களோ எஞ்சின. இன்றும் ஆய்வாளர்க்கு அவை துணைநிற்கின்றன.

பசுமைக்குடிலில் இச்செடிகளை வளர்ப்போர், அவை பிறந்த காட்டின் இயல்பை உணர்தல் வேண்டும். மழைக்காட்டின் நிழலில் வாழ்பவை ஆதலின், நேர்வெயில் இலையைக் கருக்கும். ஈரக்காற்று வளர்ச்சியைப் பெருக்கும். மரத்தைப் பற்றி வாழ்பவற்றின் வேர்கள் காற்றை நாடுவதால், இறுகிய மண்ணைவிட மரப்பட்டைத் துண்டும் தேங்காய் நாரும் கலந்த கலவையே ஏற்றது. கொடிகளுக்கு ஏறிப் படரக் கொழுகொம்பு தேவை; அஃதின்றேல் அவை முதிர்ந்த இலையை விடா. கிழங்குடைய செடிகளோ இலை உதிர்த்து ஓய்வு கொள்ளும். அப்போது நீர் மிகுந்தால் கிழங்கு அழுகும்.

சேனைக்கிழங்கின் உறவான டைட்டன் ஆரம் இப்பொறுமைக்குச் சான்றாகும். 1878இல் சுமத்திராவில் ஒடோவார்டோ பெக்காரி இதனைக் கண்டு விதைகளைச் சேகரித்தார். அவ்விதைகளின்வழி வந்த செடி, 1889இல் இலண்டன் கியூ தோட்டத்தில் பூத்தது. இதன் கதிரில் பெண்பூக்கள் முதலில் மலரும். மறுநாளே ஆண்பூக்கள் மகரந்தம் உதிர்க்கும். எனவே விதை உண்டாக மற்றொரு செடியின் மகரந்தம் வேண்டும். காடழிவால் இச்செடி அருகிவரும் இக்காலத்தில், பசுமைக்குடில்களில் விளையும் விதைகளுக்கு மதிப்பு மிகுதி. ஆயினும், எச்செடி எவ்விடத்தினின்று வந்தது என்னும் குறிப்பு இல்லையெனில் நெருங்கிய உறவுச்செடிகளே கலக்க நேரும். அதனால் வழித்தோன்றல்கள் நலிவடையக்கூடும்.

ஆகவே பூத்த நாளையும், பெற்ற இடத்தையும், பெற்றோர்ச் செடியையும் எழுதித் தொட்டியில் நட்டுவைக்கும் சிறு பெயர்ப்பலகை, நீருக்கும் நிழலுக்கும் நிகரான பேணுதலாகும். செடி மடிந்தாலும், அப்பலகையின் குறிப்பு அதன் வழித்தோன்றல்களுக்கு வழிகாட்டும்.