துலா நீராடலும் தயிர்ச்சோறும்

பழந்தமிழர் ஓராண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தபோது, ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர்காலம் என்றனர். வடமொழியில் இதே காலம் சரத் ருது. வடநாட்டில் சரத் என்றால் மேகம் கலைந்து தெளிந்த வானமும் வெண்ணிலவும். தஞ்சைத் தரணியிலோ நேர்மாறு. அங்கே தென்மேற்குப் பருவமழை விடைபெற்ற பிறகுதான் இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தது இந்த மண்ணுக்காகத்தான்.

ஓட்டு வீட்டு முற்றத்தில் நாற்புறக் கூரை நீரும் கொட்டும். அதன்கீழ்ப் பித்தளை அண்டாவை வைத்துவிட்டு, தாழ்வாரத்தில் வரிசையாக அமர்ந்து அது நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பொழுதுபோக்கு. அடுக்களையில் சுக்கும் கண்டந்திப்பிலியும் ஓமமும் இடித்துத் தீபாவளி லேகியம் கிளறும் மணம் வரும். பலகாரம் செரிப்பதற்கு மட்டுமா அந்த லேகியம்? பருவம் மாறும் வேளையில் பிடிக்கும் சளிக்கும் அதுதான் மருந்து.

ஆனால், இந்த மழையைக் கவலையின்றி வேடிக்கை பார்க்கும் பேறு உழவர் வீட்டுக்கு எல்லா ஆண்டும் வாய்ப்பதில்லை. குறுவை அறுவடையாகி நெல் களத்தில் குவிந்திருக்கும்போதே வானம் பொத்துக்கொள்ளும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது விதி. சாலையோரம் தார்ப்பாய் விரித்து நெல்லை உலர்த்துவோரின் கண் வானத்திலேயே இருக்கும். மறுபுறம் சம்பா இளம்பயிராக நீரில் நிற்கும். 2018-இல் ஐப்பசி முடியும் தறுவாயில் கரையைக் கடந்த கஜா புயல், ஒரே இரவில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனதை நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள்.

இப்படி நெல்லும் நீரும் நிச்சயமற்றிருக்கும் மாதத்தில், நம் முன்னோர் வகுத்த வழிபாடுகள் இரண்டு. ஒன்றுக்கு நீர் போதும்; மற்றொன்றுக்குச் சோறு போதும்.

கதிரவன் துலா ராசியில் சஞ்சரிக்கும் ஐப்பசி முழுவதும், கங்கை முதலான புண்ணிய நதிகள் தம்மிடம் சேர்ந்த பாவச்சுமையைக் களையக் காவிரிக்கு வருகின்றன என்பது ஐதிகம். திருவையாற்றுப் படித்துறையிலும் நீராடுவார்கள். எனினும் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்துக்குத் தனிச் சிறப்பு. ‘ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா?’ என்ற சொலவடை சும்மா பிறக்கவில்லை. அம்பிகை மயில் வடிவில் ஈசனைப் பூசித்த தலம் அது. ஆற்றின் நடுவே நந்தி மண்டபம் இருக்க, தாத்தா சங்கல்பம் சொல்ல, பேரப்பிள்ளைகள் குளிரில் பல் கிட்ட மூழ்கி எழுவதைக் காண வேண்டும். வீடு திரும்பினால் சூடான மிளகு ரசம். இதற்கு ஈடான விருந்தை நான் எந்த மண்டபத்திலும் உண்டதில்லை.

இந்த இன்பமும் ஆண்டுதோறும் உறுதியன்று. 2012 முதல் 2019 வரை, வழக்கமான நாளாகிய ஜூன் 12-இல் மேட்டூர் அணை ஓராண்டுகூடத் திறக்கப்படவில்லை. கடைமடையில் வாழ்வோர்க்கு, புரண்டு வரும் காவிரியே ஒரு வரப்பிரசாதம்.

ஐப்பசியின் கடைசி நாள் கடைமுகம். மயூரநாதர், வதான்யேசுவரர், ஐயாறப்பர், காசி விசுவநாதர் ஆகிய மூர்த்திகள் துலாக்கட்டத்துக்கு எழுந்தருளித் தீர்த்தம் கொடுப்பார்கள். மறுநாள், கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு. துலா நீராட ஆசைப்பட்ட கால் ஊனமுற்ற அடியவர் ஒருவர் தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டதாம். அவர் கண்ணீருக்கு இரங்கிய இறைவன், அன்று நீராடினாலும் முழுப்பயன் உண்டு என்று அருளினார். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் தீபாவளிக்கு வர இயலாமல் தாமதமாக ஊர் வந்தால், ‘உனக்கென்றுதானடா இந்த ஒரு நாள்’ என்று அம்மாக்கள் துண்டை எடுத்துக் கொடுப்பது இந்தத் துணிவில்தான்.

இனி, சோறு. இராசராச சோழன் பிறந்த ஐப்பசிச் சதயம் தஞ்சைப் பெரிய கோயிலில் விழாவாகக் கொண்டாடப்படுகிறது. அந்த விமானத்தில் கல்வெட்டுப் பொறிக்கச் சொன்ன பேரரசன், தான் கொடுத்தவற்றோடு தமக்கை குந்தவை கொடுத்தவற்றையும், தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் சேர்த்தே வெட்டச் சொன்னான். குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதற்கு இதைவிடப் பெரிய முன்னுதாரணம் வேண்டுமா?

ஐப்பசிப் பௌர்ணமியில் அன்னாபிஷேகம். சாபத்தால் தேய்ந்த சந்திரன் கலைகள் நிறைந்து ஒளிர்வது அன்றுதான் என்பர். அவனுக்குரிய தானியமும் நெல். பெரிய கோயிலிலும், அவன் மகன் இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்திலும், சுமார் 13 அடி உயரமுள்ள பெருமான் திருமேனி முழுவதும் வெண்சோற்றால் மூடப்படும். பாணத்தின்மீது சாத்திய அன்னத்தை எவரும் உண்பதில்லை. அது நீர்நிலையில் மீன்களுக்கு உணவாகக் கரைக்கப்படும். ஆவுடையாரின்மீதுள்ள அன்னம் தயிர் கலந்து அடியார்களுக்கு வழங்கப்படும். வரிசையில் நின்று, ஆளுக்கொரு கவளம் வாங்கி, பெரியவர் கையிலிருந்து குழந்தை வாய்க்கு அது போகும்.

மழை பிடித்துக்கொண்டால் கவலையில்லை. பெரிய கோயிலில், இராசராசன் ஆணைப்படி சேனாபதி கிருஷ்ணன் இராமன் எடுப்பித்த திருச்சுற்று மாளிகை இருக்கிறது. தூணோரம் ஒதுங்கி அமர்ந்து, நனையும் விமானத்தைப் பார்த்தபடியே உண்ணலாம். அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை.