உங்களுக்குத் தெரியுமா? நோய்ச் செய்தியில் மெய் எது, வதந்தி எது?

நாமக்கல், சேலம் வட்டாரத்தில் கோழி செத்தாலும் செய்தி, காய்ச்சல் வந்தாலும் செய்தி. வரும் செய்தியை நம்புவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

● நாமக்கல் முட்டைக்கோழிக்குப் பேர்போனது, கறிக்கோழிக்குப் பல்லடம். நாமக்கல் பண்ணைகளில் நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் உற்பத்தியாகின்றன. சத்துணவுக் கூடத்துக்கும் கேரளக் கடைகளுக்கும் இங்கிருந்துதான் லோடு போகிறது. ஒரு பொய்ச் செய்தி பரவினால் பண்ணையாளர், தீவன வியாபாரி, லாரி ஓட்டுநர், முட்டை பொறுக்கும் தொழிலாளி என அத்தனை பேர் பிழைப்பிலும் அடி விழும்.

● இந்தியாவில் கோழிகளிடையே பறவைக் காய்ச்சல் முதன்முதலில் உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாபூரில். நாமக்கல்லிலிருந்து அந்த ஊர் 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. எங்கோ வந்த நோயை இங்கு வந்ததாக நினைத்துவிடக் கூடாது; ஆகவே செய்தியில் முதலில் தேட வேண்டியது ஊர்ப் பெயர்.

● பறவைக் காய்ச்சலா இல்லையா என்று நாட்டில் இறுதியாக உறுதிசெய்யும் இடம் போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனம். அந்த ஆய்வக முடிவைக் குறிப்பிடாமல் 'பறவைக் காய்ச்சல் பரவியது' என்று வரும் செய்தி இன்னும் சந்தேக நிலையில்தான் இருக்கிறது.

● கூட்டமாகக் கோழிகள் சாவதற்குக் காரணங்கள் பல. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயும் வைரஸால் வருவதுதான். அதன் அறிகுறிகள் பறவைக் காய்ச்சலை ஒத்திருப்பதால் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். கோடையில் வெப்ப அயற்சியாலும் கோழிகள் மடியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பண்ணையாளர்களுக்கு வெளியிடும் வானிலை அறிக்கையில், இறந்த கோழிகளைப் பரிசோதித்துக் கண்ட காரணமும் சொல்லப்படுவதுண்டு. படித்துப் பாருங்கள்.

● பறவைக் காய்ச்சல் வைரஸ் ஒரே வகை அல்ல. 2021 ஜனவரியில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளில் கண்டது எச்5என்8; அதே மாதம் இமாசலப் பிரதேசத்தின் பாங் அணையில் வலசைப் பறவைகளைக் கொன்றது எச்5என்1. இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதும் செய்தி அச்சத்தைத்தான் கூட்டும்.

● நோய் உறுதியானால், அந்த இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரை நோய்ப் பகுதி. அங்கே கோழி, வாத்துகள் அழிக்கப்படும். அதற்கு அப்பால் 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி. மாநிலம் முழுக்கக் கோழிகளை அழிக்கப்போவதாக வரும் தகவலுக்கு இந்த விதியில் இடமில்லை.

● பறவைக் காய்ச்சல் மனிதரையும் தாக்கும். 2021 ஜூலையில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 11 வயதுச் சிறுவன் எச்5என்1 தொற்றால் இறந்தது, இந்தியாவில் உறுதியான முதல் மனித மரணம். வைரஸ் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழிந்துவிடும். நோய் பரவும் காலத்தில் கறியை நன்றாக வேகவையுங்கள். ஆஃப் பாயிலைத் தவிருங்கள். செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள்.

● 2020 தொடக்கத்தில், கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி ஓடியது. கோழிக்கும் அந்தத் தொற்றுக்கும் தொடர்பு இருப்பதாக எந்த ஆதாரமும் இல்லை என்று மத்திய அரசு அறிவித்தும் விற்பனை சரிந்தது. அச்சத்தைப் போக்க, பிப்ரவரி 28 அன்று ஐதராபாத்தில் தெலங்கானா அமைச்சர்கள் மேடையேறிக் கோழிக்கறி சாப்பிட்டுக் காட்டினார்கள்.

● 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் நோய் வந்தபோதும் பழி கோழி மேல் விழுந்தது. அரசு அறிவிப்புப் போலவே ஒரு போலித் தாள் சுற்றியது. ஆய்வில் வைரஸ் கண்டறியப்பட்டது பழந்தின்னி வௌவால்களில். முத்திரையும் கையெழுத்தும் இருப்பது மட்டும் சான்றாகாது. அந்த அறிவிப்பு துறையின் சொந்தத் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

● நாளிதழ், தொலைக்காட்சிச் செய்திகளைத் தேடிப் பிடித்து, உண்மையா என்று மாவட்டத்தில் விசாரிப்பதற்கென்றே அரசில் ஒரு பிரிவு உண்டு. ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் 2008-ல் டெல்லியில் தொடங்கியது அது.

● எல்லா வதந்தியும் பொய்யல்ல. உலகச் சுகாதார நிறுவனத்துக்கு எட்டும் நோய்ப் பரவல் செய்திகளில் 60 சதவீதத்துக்கும் மேல், முதலில் அரசு சாரா வழிகளில் வருபவை. அந்த நிறுவனம் விளக்கம் கேட்டால், நோய் பரவுவதாகச் சொல்லப்படும் நாடு 24 மணி நேரத்துக்குள் முதல் பதில் தர வேண்டும் என்பது சர்வதேச விதி. 2019 டிசம்பர் 30 அன்று வூகான் நிமோனியா பற்றி உலகுக்குச் சொன்ன, நோய்ப் பரவல் செய்திகளைத் திரட்டி வெளியிடும் புரோமெட் அமைப்பு, அதை 'தகவல் கோருகிறோம்' என்ற குறிப்போடுதான் வெளியிட்டது. உறுதியாகாததை உறுதியாகாதது என்றே சொல்வதுதான் நேர்மை.

● 'மர்மக் காய்ச்சல்' என்று மழைக்காலத்தில் தலைப்பு வரும். அந்தக் காய்ச்சல் டெங்கு என்று கணக்கில் சேர எலிசா எனும் ஆய்வக ரத்தப் பரிசோதனை வேண்டும். காய்ச்சலின் முதல் 5 நாளில் என்எஸ்1 எனும் வைரஸ் புரதத்தையும், அதன் பிறகு ஐஜிஎம் எனும் எதிர்ப்புப் பொருளையும் அதில் தேடுவார்கள். அட்டைப் பரிசோதனையில் கோடு தெரிந்தால் அது ஐயத்துக்குரிய நோயாளி மட்டுமே. தனியார் மருத்துவமனை எண்ணிக்கையும் அரசு எண்ணிக்கையும் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

● வாட்ஸ்அப் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது கைமாறிக் கைமாறி வந்தது என்று பொருள். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்குத்தான் அனுப்ப முடியும்.

● பேரிடர் பற்றிப் பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கையைப் பரப்பினால், பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன் 54-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் நான்கே கேள்விகளைக் கேளுங்கள்: எந்த ஊர்? எந்தத் தேதி? எந்த ஆய்வகம்? சந்தேகமா, உறுதியா? பதில் இல்லாவிட்டால் யாருக்கும் அனுப்பாதீர்கள். காய்ச்சல் பற்றிய ஐயத்துக்கு 104, கால்நடைக்கு 1962 என்ற எண்களை அழையுங்கள். பண்ணையில் கோழிகள் திடீரெனக் கூட்டமாகச் செத்தால் மறைக்காமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். பொய்யைப் பரப்புவது எவ்வளவு தவறோ, உண்மையை மறைப்பதும் அவ்வளவு தவறு.