திரையில் தெரியும் ரூபாய்க் கணக்கை ஏன் மறுக்க வேண்டும்?

பாங்காக்கில் விமானம் இறங்கியதும் வெளியே வரிசையாக ஏடிஎம்கள் நிற்கும். ஒன்றில் நம் ஊர் டெபிட் கார்டைச் செருகுகிறீர்கள். பின் நம்பர் கேட்கிறது, தொகை கேட்கிறது. 5,000 பாட் என்று அழுத்துகிறீர்கள். '220 பாட் கட்டணம் பிடிக்கப்படும், சம்மதமா?' என்று ஒரு திரை வருகிறது. வேறு வழியில்லை, சம்மதம். அதற்கு அடுத்து வரும் திரைதான் வில்லங்கம். உங்கள் கணக்கிலிருந்து எத்தனை ரூபாய் போகும் என்று பைசா சுத்தமாகக் காட்டி, 'இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா?' என்று கேட்கும். ரூபாயில் பார்த்ததும் மனதுக்கு ஒரு தெம்பு. மறுத்தால் பணமே வராதோ என்று ஒரு பயம். இரண்டும் சேர்ந்து பலரை 'ஏற்கிறேன்' என்று அழுத்த வைத்துவிடுகின்றன.

மறுக்க வேண்டும். மறுத்தாலும் பணம் வரும்.

இதற்கு 'டைனமிக் கரன்சி கன்வெர்ஷன்' என்று பெயர். சுருக்கமாக டிசிசி. மறுத்தால் என்ன நடக்கிறது? எடுத்த தொகை பாட்டிலேயே நம் வங்கிக்கு வருகிறது. விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்கள் மொத்தச் சந்தை விலையை ஒட்டிய விகிதத்தில் அதை ரூபாயாக்குகின்றன. இந்த விகிதத்தை அவற்றின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஏற்றால், மாற்றும் வேலை இவர்களிடமிருந்து பறிக்கப்பட்டு அந்த ஏடிஎம்மை நடத்துபவரின் கைக்குப் போகிறது. விகிதத்தை நிர்ணயிப்பது அவர். சந்தை விலைக்கும் அவர் விலைக்கும் இடையே உள்ள வித்தியாசம் அவருக்கும் அவருடைய கூட்டாளி நிறுவனத்துக்கும் லாபம். நமக்குக் கிடைத்தது, தொகையை முன்கூட்டியே ரூபாயில் பார்த்த திருப்தி மட்டும்.

சரி, ரூபாயாகவே வந்துவிட்டதே, நம் வங்கி இனி எதுவும் பிடிக்காது என்று நினைத்தால் அதுவும் தப்பு. வெளிநாட்டு இயந்திரத்தில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனைக்கென்றே ஒரு சதவீதம் அளவில் தனிக் கட்டணம் வைத்திருக்கும் இந்திய வங்கிகள் உண்டு. அடி இரண்டு பக்கமும்தான்.

டிசிசியை ஏற்பதா வேண்டாமா என்ற தேர்வை வாடிக்கையாளருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது கார்டு நிறுவனங்களின் விதி. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி போய், 2019இல் ஓர் ஒழுங்குமுறையே கொண்டுவந்தது. அங்கே ஏடிஎம்மும் கடையும் தங்கள் விகிதம் ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று காட்ட வேண்டும். 2020 ஏப்ரலில் இருந்து இது நடைமுறை. நல்ல சட்டம்தான். ஆனால் அது காட்டச் சொல்கிறதே தவிர, குறைக்கச் சொல்லவில்லை. சுற்றுலா நகரங்களின் தெருமுனைகளில், எந்த வங்கியையும் சேராமல் தனியாக நிற்கும் ஏடிஎம்களில் இந்தச் சதவீதத்தைப் படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். பயணக் களைப்பில் யாரும் படிப்பதில்லை என்பதுதான் இந்த வியாபாரத்தின் அடித்தளம்.

கடைகளிலும் இதே கதை. அங்கே திரை உங்கள் பக்கம் திரும்பாமலே போகலாம். காசாளர் தானே ரூபாயைத் தேர்வு செய்துவிட்டுக் கார்டை நீட்டச் சொல்வார். ரசீதில் ரூபாய்க் கணக்கு இருந்தால் அங்கேயே நின்று, பரிவர்த்தனையை ரத்து செய்து உள்ளூர்ப் பணத்தில் மறுபடி போடச் சொல்லுங்கள். கடையை விட்டு வெளியே வந்த பிறகு இதைச் சரிசெய்வது பெரிய பாடு.

டிசிசியைத் தவிர்த்தாலும் வெளிநாட்டு ஏடிஎம் மலிவானதல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். ஒரு பாட் 2.50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5,000 பாட்டின் மதிப்பு 12,500 ரூபாய். தாய்லாந்து வங்கி தன் கட்டணத்தையும் சேர்ப்பதால் நம் வங்கிக்கு வரும் பில் 5,220 பாட்டுக்கு, அதாவது 13,050 ரூபாய்க்கு. அதன்மேல் நம் வங்கி சேர்க்கும் 3.5 சதவீதம் அந்நியச் செலாவணி மார்க்கப், 457 ரூபாய். வெளிநாட்டு ஏடிஎம்மில் எடுத்ததற்கென்று தனியாக ஒரு கட்டணம், 125 ரூபாய் என்று கொள்வோம். இந்த இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி, 105 ரூபாய். ஆக மொத்தம் 13,737 ரூபாய். கையில் வந்த பணத்தின் மதிப்பைவிட 1,237 ரூபாய் அதிகம். கிட்டத்தட்ட பத்து சதவீதம்.

இதையே பயந்து பயந்து 1,000 பாட் மட்டும் எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். 2,500 ரூபாய் மதிப்புள்ள பணத்துக்கு 824 ரூபாய் கூடுதல், மூன்றில் ஒரு பங்கு. 20,000 பாட்டை ஒரே தடவையில் எடுத்தால் கூடுதல் 2,785 ரூபாய்; அது ஐந்தரை சதவீதம்தான். எவ்வளவு எடுத்தாலும் தாய்லாந்து வங்கி பிடிப்பது அதே 220 பாட் (சில வங்கிகளில் 250) என்பதால் வரும் வித்தியாசம் இது. தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே செலவு பிடித்த பழக்கம். மார்க்கப் இல்லாத கார்டுகளையும் இப்போது பல வங்கிகள் தருகின்றன. அப்படி ஒரு டெபிட் கார்டு இருந்தால் அதே 20,000 பாட்டுக்கு ஆகும் கூடுதல் செலவு 700 ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளிநாடு போகிறவர்கள் இதற்காக ஒரு கணக்கே தொடங்கலாம்.

கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. முதலாவது, உங்கள் கார்டு வெளிநாட்டில் வேலை செய்யுமா? ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவின்படி, புதிதாகக் கொடுக்கப்படும் கார்டுகள் இந்தியாவுக்குள் இருக்கும் ஏடிஎம்களிலும் ஸ்வைப் மெஷின்களிலும் மட்டுமே வேலை செய்யும்படிதான் வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். அதிலும் ஏடிஎம், கடை, இணையம், தொட்டுக் கட்டும் வசதி எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பொத்தான்கள், தனித்தனி வரம்புகள். கடைக்கு மட்டும் திறந்துவிட்டு ஏடிஎம்மை மறந்துவிட்டால், அங்கே போய் நிற்கும்போதுதான் தெரியும்.

ரூபே கார்டு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எல்லா ரூபே கார்டும் வெளிநாட்டில் செல்லும் என்று சொல்ல முடியாது. சர்வதேசப் பயன்பாட்டுக்கென்று தரப்படும் ரூபே கார்டு, டிஸ்கவர், டைனர்ஸ் கிளப், ஜேசிபி போன்ற வலைப்பின்னல்களின் இயந்திரங்களில் வேலை செய்யும். சாதாரண சேமிப்புக் கணக்கோடு கிடைத்த ரூபே கார்டை நம்பி விமானம் ஏற வேண்டாம், வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில நாட்டு வங்கிகளில் ஆறு இலக்கப் பின் நம்பர்தான் வழக்கம். திரையில் ஆறு கட்டங்கள் தெரிந்தாலும் பெரும்பாலும் நம் நான்கு இலக்கத்தை அடித்து 'என்டர்' அழுத்தினால் போதும். நான்கு இலக்கத்துக்கே ஒரு கதை உண்டு. 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கி உலகின் முதல் பணம் வழங்கும் இயந்திரத்தைத் திறந்தது. அதன் பின்னணியில் இருந்த ஜான் ஷெப்பர்ட்-பேரன் பிறந்தது நம் ஷில்லாங்கில். ஆறு இலக்கம் வைக்கலாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தாராம். நான்குக்கு மேல் தன்னால் ஞாபகம் வைக்க முடியாது என்று மனைவி சொல்லிவிட்டதால் நான்காக்கினாராம். பின்னாளில் அவரே சொன்ன தகவல் இது.

பின் நம்பரை அடித்த பிறகு 'சேவிங்ஸ், செக்கிங், கிரெடிட்' என்று கேட்டால் டெபிட் கார்டுக்கு சேவிங்ஸ். ஏற்கவில்லை என்றால் செக்கிங்கை முயன்று பார்க்கலாம். வெளிநாட்டு ஏடிஎம்மில் ஓடிபி கேட்காது. ஆனால் அங்கிருந்தபடி ரயில் டிக்கெட் போடவோ வீட்டுக்குப் பணம் அனுப்பவோ ஓடிபி வேண்டியிருக்கும். ஓட்டல் வைஃபையை நம்பி இந்திய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டால் அந்தக் குறுஞ்செய்தி வராது. ரோமிங்கைத் திறந்து வையுங்கள். முடிந்தால் ஓடிபி மின்னஞ்சலுக்கும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கார்டை எதற்கு எடுப்பது? ஓட்டலிலும் வாடகைக் காரிலும் முன்பணமாக ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். அதற்குக் கிரெடிட் கார்டைக் கொடுப்பதே நல்லது. டெபிட் கார்டைக் கொடுத்தால் முடங்குவது நம் சொந்தப் பணம். அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபடச் சில நாட்கள் ஆகலாம். அதேசமயம் கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் செருகவே கூடாது. எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும், ரொக்கம் எடுத்ததற்கான கட்டணம் வேறு. அந்நிய நாணயத்தை முன்பே ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் விகிதம் ஏற்றிய அன்றே நிலைத்துவிடும் என்பது வசதி. டாலர் ஏற்றிய கார்டை பாட்டில் தேய்த்தால் மறுபடியும் மாற்றுக் கட்டணம் விழும் என்பது பலர் கவனிக்காத விஷயம். போகும் நாட்டின் நாணயத்தையே ஏற்ற முடிந்தால்தான் அதில் லாபம்.

ரொக்கமும் கொஞ்சம் வேண்டும்தான். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக வாங்கிப் போக ரிசர்வ் வங்கி பொதுவாக அனுமதிக்கிறது. டாலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றுவதாக இருந்தால் நூறு டாலர் நோட்டுகளாக வாங்குங்கள். பாங்காக்கின் நாணய மாற்றுக் கடைகளில் பெரிய நோட்டுக்கு ஒரு விலை, சில்லறை நோட்டுக்கு ஒரு விலை.

யுபிஐ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். இலங்கையிலும் மொரிஷியஸிலும் 2024 பிப்ரவரி 12 அன்று யுபிஐ தொடங்கிவைக்கப்பட்டது. பூடான், நேபாளம், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், பிரான்ஸ் ஆகிய நாடுகளிலும் குறிப்பிட்ட கடைகளில் ஏற்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போகிறவர்களுக்கு இது உண்மையிலேயே உபயோகம். ஆனால் எல்லாக் கடையிலும் இருக்கும் என்று கையை வீசிக்கொண்டு போக முடியாது.

ஜப்பானில் வேறொரு சிக்கல். பல உள்ளூர் வங்கி ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டை ஏற்காது. செவன்-லெவன் கடைகளுக்குள் இருக்கும் செவன் பேங்க் இயந்திரமும் அஞ்சலக வங்கி இயந்திரமும் கைகொடுக்கும். சிங்கப்பூரில் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் கார்டைத் தொட்டே போகலாம்; வெளிநாட்டுக் கார்டு என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சென்ட் நிர்வாகக் கட்டணம் சேரும்.

இயந்திரம் கார்டை விழுங்கிவிட்டால் யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், அங்கேயே நின்று செயலியில் கார்டை முடக்குங்கள். பக்கத்தில் வந்து 'பின் நம்பரை மறுபடி அடித்துப் பாருங்கள்' என்று சொல்பவர்தான் திருடனாக இருப்பார். வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மில், அலுவலக நேரத்தில் எடுப்பதன் அருமை அப்போது புரியும். பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், உள்நாட்டில் ஐந்து நாட்களுக்குள் திரும்பத் தர வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் என்ற விதி இதற்குப் பொருந்தாது. கார்டு நிறுவனம் வழியாகப் புகார் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம். ஏடிஎம் எண்ணும் நேரமும் உள்ள துண்டுச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சீட்டு வராவிட்டால் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்யாத பரிவர்த்தனை கணக்கில் தெரிந்தால் காலம் முக்கியம். மூன்றாம் நபரின் மோசடியாக இருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. நான்கு முதல் ஏழு நாட்கள் என்றால் ஒரு வரம்பு வரை நஷ்டம் நம் தலையில். அதற்கும் மேல் போனால் வங்கி எடுப்பதே முடிவு.

ஊர் திரும்பியதும் வெளிநாட்டுப் பயன்பாட்டுப் பொத்தான்களை எல்லாம் அணைத்துவிடுங்கள். ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கும் வெளிநாட்டு இணையதளங்கள் ஏராளம். பயணத்தில் எங்கோ நகலெடுக்கப்பட்ட கார்டு எண் பல வாரங்கள் கழித்துக்கூட விழித்துக்கொள்ளும். அடுத்த இரண்டு மாத ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பாருங்கள். மிஞ்சிய அந்நிய நோட்டுகள் 2,000 டாலர் மதிப்பைத் தாண்டினால், தாண்டிய தொகையை 180 நாட்களுக்குள் வங்கியிலோ அங்கீகாரம் பெற்ற நாணய மாற்று நிறுவனத்திலோ ஒப்படைத்துவிட வேண்டும்.