பொறி செய்தவர் கண்ட கொடுங்கனவு

தமிழில் அறிவியற் புதினம் என்றவுடன் நம் மாணவர் நாவில் முதலில் எழும் பெயர் சுஜாதா. ரங்கராஜன் என்னும் இயற்பெயருடைய அவர் (1935–2008) தொழிலால் பொறியாளர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பெரும்பங்கு கொண்டவர். தொழில் வேறு, எழுத்து வேறு எனப் பிரித்து அவரைப் பாடம் சொல்வது வகுப்பறை வழக்கம். அது பொருந்தாது என்பதே நம் கருத்து.

தேர்தற் பணிக்குச் செல்லும் ஆசிரியர் அனைவரும் அவ்வியந்திரத்தை அறிவர். வாக்குச்சாவடி அலுவலர் ஒவ்வொரு முறையும் தம் பொத்தானை அழுத்தினால்தான் வாக்காளரின் பொத்தான் உயிர்பெறும். முன்னைய இயந்திரங்கள் நிமிடத்திற்கு 5 வாக்குகளுக்கு மேல் ஏற்கமாட்டா. முடிவுப் பொத்தானை அழுத்திய பின்னரோ ஒரு வாக்கும் உள்ளே செல்லாது. ஏன் இத்தனை தடைகள்? சாவடியைக் கைப்பற்றும் கூட்டத்தை மனத்திற் கொண்டே அவை வகுக்கப்பட்டன. நல்லவர் கையில் எப்பொறியும் நன்றே இயங்கும். தீயவர் கையிற் சிக்கினால் யாதாகும் என்று எண்ணிப் பார்ப்பதே பொறியாளர் தொழில். அவ்வெண்ணத்தை ஒரு நாடு முழுமைக்கும் விரித்தால் கொடுங்கனவுப் புதினம் பிறக்கும்.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ அத்தகையது. கதை நிகழும் ஆண்டு 2021. ஜீவா என்பவனின் ஆட்சியில் மாந்தர்க்கு இரண்டெழுத்துப் பெயரும் எண்ணுமே உரிமை. நிலா, சிபி, ரவி, மனோ எனப் பெயர்களை எண்ணிப் பார்த்தால் ஆசிரியரின் குறும்பு விளங்கும். பிள்ளை பெறவும் அரசின் இசைவு வேண்டும். இங்கு நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இயந்திர நாயான ஜீனோ நூல்களைக் கற்றுச் சிந்திக்கத் தொடங்கி, கதையின் அன்பிற்குரிய உயிராகிவிடுகிறது. கொடுமையோ இயந்திரத்தின் பின் மறைந்துள்ள மனிதருடையது. பொறியை வெளியிலிருந்து கண்டு அஞ்சுவோர் பொறியையே அரக்கனாக்குவர்; உள்ளிருந்து அறிந்தவர் அவ்வாறு எழுதார்.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. பனி உடைக்கும் கப்பல்களின் கட்டுமானத்தை 1916–17இல் இங்கிலாந்தில் மேற்பார்வையிட்ட உருசியப் பொறியாளர் யெவ்கேனி சமியாத்தின், எண்களையே பெயராகத் தாங்கிய மக்களைப் பற்றி ‘நாம்’ என்னும் புதினத்தை எழுதினார். அஃது 1924இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது; அவர் தாய்நாட்டில் அச்சேறவோ 1988 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று கணினி விளையாட்டுகளை ஆக்கும் கூடங்களிலும் இதே வினாதான் எழுகிறது. விதிகளை மீறி ஆடுபவன் எவ்வழியே நுழைவான், ஆடுபவனை எழவிடாமல் எவ்வாறு இருத்திவைப்பது என்பவை அங்கு அன்றாடப் பணிகள். பின்னதைச் செய்து ஊதியம் பெறும் இளைஞன் ஒருவன் இரவில் மனம் கலங்கி எழுத அமர்ந்தால், தமிழுக்கு அடுத்த நல்ல புதினம் கிட்டலாம். தமிழ்ப் பகுதி ஒன்று தாள்களை மதிப்பெண்ணுக்காக மட்டும் கடந்து செல்லும் நம் கணினி அறிவியல் மாணவரிடையே அவன் இருக்கக்கூடும் என்பதே நமக்குள்ள கவலையும் ஆவலும்.

சுஜாதா குறித்த 2021 வந்து சென்றது. அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் நாள் ஆத்தூர்த் தொகுதி மக்கள் வரிசையில் நின்று மின்னணு இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினர். கண்ணாடிக்குப் பின்னே ஏழு நொடி தோன்றி விழுந்த அச்சுச் சீட்டைச் சரிபார்த்துவிட்டு வெளியேறினர்.