தண்டாலுக்கும் ஓய்வுக்கும் ஓர் எக்ஸெல் ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், எக்ஸெல் புரோகிராமை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, "இது ஆபீஸ் கணக்குக்கு, வீட்டில் நமக்கு எதற்கு?" என்று மூடிவிடுவார்கள். நானும் வீட்டில் அதைத் தொட்டதில்லை, தோள்பட்டை வலி வரும் வரை.

சாப்ட்வேர் வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். எனவே தினமும் காலையில் தண்டாலும் பஸ்கியும் எடுப்பது, ஒரு நாள் கூட விடக்கூடாது என்று முடிவு செய்தேன். முதல் நாள் 12 தண்டால் எடுத்தேன். பத்தாவது நாள் 7க்கு மேல் முடியவில்லை. வலது தோள் வலியில் மவுஸை நகர்த்துவதே சிரமமாகிவிட்டது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எந்தெந்த நாள் ஓய்வு விடுகிறீர்கள்?" என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரம் பயிற்சியே கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஓய்வு ஏன் வேண்டும்?

விண்டோஸ் அப்டேட் டவுன்லோட் ஆனால் மட்டும் போதாது. ரீஸ்டார்ட் செய்தால்தான் அந்த வேலை முடிகிறது. உடம்பும் அப்படித்தான். பயிற்சியின்போது தசை நார்களில் மிக நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்து தசையை வலுவாக்கும் வேலை, பயிற்சி முடிந்த பிறகு ஒன்றிரண்டு நாட்கள் நடக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்குத் தசை வலி பெரும்பாலும் 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்திற்குள் உச்சத்திற்கு வருவதும் இதனால்தான். எனவே ஒரே தசைக்குக் கடும் பயிற்சி கொடுத்தால், அடுத்த பயிற்சிக்கு முன் சுமார் 48 மணி நேரம் விடுவது நல்லது.

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தசைப் பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைப் பயிற்சி, 150 நிமிடங்களாவது வேக நடை போன்ற மிதமான பயிற்சி என்கிறது. நான் இப்போது திங்கள், புதன், வெள்ளியில் தண்டாலும் பஸ்கியும் எடுக்கிறேன். செவ்வாய், வியாழன், சனியில் 50 நிமிட நடை. ஞாயிறு முழு ஓய்வு. புதியவர்கள் 20 நிமிட நடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம்.

ஷீட் தயாரிப்போமா?

எக்ஸெல் இல்லாதவர்கள், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இதைச் செய்யலாம். மெனுக்களின் இடம் மட்டும் சற்று மாறும்.

1. புதிய ஷீட்டின் முதல் படுக்கை வரிசையில் தேதி, தண்டால் எண்ணிக்கை, தூங்கிய மணி, இடைவெளி என நான்கு தலைப்புகளை டைப் செய்திடவும்.

2. தண்டால் எடுக்கும் நாளில் மட்டும் ஒரு வரிசை எழுதவும். தேதி செல்லில் கன்ட்ரோல் கீயுடன் செமிகோலன் கீயை அழுத்தினால் இன்றைய தேதி தானாக வரும்.

3. இரண்டாவது நாள் பயிற்சியை எழுதியதும், அந்த வரிசையின் இடைவெளி செல்லில் = குறியை டைப் செய்திடவும். அந்த நாளின் தேதி செல்லைக் கிளிக் செய்து, - குறியை அழுத்தி, அதற்கு மேலே உள்ள தேதி செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். எத்தனை நாள் இடைவெளி என்பது வந்துவிடும். எண்ணுக்குப் பதில் தேதி தெரிந்தால், ஹோம் டேபில் எண் வடிவத்தை ஜெனரல் என மாற்றவும்.

4. அதே செல்லில் இருந்தபடி ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் எனச் செல்லவும். கட்டத்தில் 2 கொடுத்து, சிவப்பு நிறம் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்திடவும். மீண்டும் அதே வழியில் கிரேட்டர் தேன் சென்று 3 கொடுத்து, மஞ்சள் நிறம் தேர்ந்தெடுக்கவும்.

5. அடுத்தடுத்த முறை, இடைவெளி செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து ஒரு வரிசை மட்டும் கீழே இழுக்கவும். கணக்கும் நிறமும் சேர்ந்தே வரும்.

நிறம் சொல்லும் செய்தி

சிவப்பு என்றால் ஓய்வில்லாமல் அடுத்த நாளே செய்துவிட்டீர்கள். மஞ்சள் என்றால் ஓய்வு சோம்பலாக மாறுகிறது. நிறமே இல்லை என்றால் சரியான பாதை. நிறம் இல்லாமலேயே தண்டால் எண்ணிக்கை இரண்டு முறை தொடர்ந்து குறைந்தால், தூக்கக் கணக்கைப் பாருங்கள். கூடுதலாக ஒரு நாள் ஓய்வு விடுங்கள். மீண்டும் 6 தண்டாலில் தொடங்கிய நான், இப்படி ஆறு வாரத்தில் 15ஐத் தொட்டேன்.

ஒன்றை மட்டும் ஷீட்டிடம் விடாதீர்கள். மூட்டில் குத்தும் வலி, நெஞ்சு வலி, கடும் தசை வலியுடன் சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். இதய நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

இன்றே ஷீட்டைத் தயாரித்து, கன்ட்ரோல் கீயுடன் எஸ் அழுத்தி ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்திடுங்கள். அதில் எதுவும் எழுதாத நாட்களும் உங்கள் பயிற்சியில் சேர்ந்தவைதான்.