குளிரிலிருந்து வெப்பம் இறைத்தல்



சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள் காலை எட்டரை மணி இருக்கும். ஆலங்காயத்தில் ஜவ்வாது மலைமேல் படிந்திருந்த மூடுபனி அப்பொழுதுதான் விலகிக்கொண்டிருந்தது. கனடா நாட்டில் டொரொன்டோ நகரில் வாழும் என் தமையனார் மகன் தொலைபேசியில் அழைத்தான். அங்கே அப்போது முதல் நாள் இரவு பத்து மணி. "சித்தப்பா, வீட்டுக்கு வெளியே இருக்கிற யந்திரத்திலிருந்து வெள்ளைப் புகை கிளம்புகிறது. விசிறி நின்றுவிட்டது. தீப்பிடித்ததோ என்று பயந்து மின்சாரத்தை நிறுத்திவிட்டேன். வீட்டில் இரண்டு மாதக் குழந்தை இருக்கிறது" என்றான். வெளியே பூஜ்யத்துக்கு மூன்று டிகிரி கீழே என்றும், பகலெல்லாம் ஈரப்பனி பெய்ததென்றும் சொன்னான்.

முப்பது ஆண்டுகள் பௌதிகம் கற்பித்த எனக்கு அந்த யந்திரத்தின் தத்துவம் தெரியும். யந்திரத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆகவே விடையைத் தத்துவத்திலிருந்தே தேடவேண்டியிருந்தது. நீங்களும் என்னோடு சேர்ந்து தேடலாம்.

எங்கள் இளமையில் இப்பகுதிக் கிணறுகளில் கவலை கட்டி நீர் இறைத்தார்கள். மாடுகள் சரிவில் இறங்கும். வடக்கயிறு உருளையில் ஓடும். சால் நிறைந்து மேலே வரும். அதன் அடியில் கட்டிய தோல் வழியே நீர் தொட்டியில் பாயும். தோல் பதனிடும் வாணியம்பாடியும் ஆம்பூரும் அண்மையில் இருக்க, இங்கே தோலுக்குப் பஞ்சமில்லை. மாடுகள் நீரை உண்டாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தாழ்விலே கிடந்த நீரை மேட்டுக்குத் தூக்கின, அவ்வளவே. கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க, ஒவ்வொரு சாலுக்கும் அவை நடந்த தூரம் கூடிற்று. இன்று மின்சார மோட்டார்கள் வந்து கவலை மறைந்துவிட்டது. கிணற்றின் ஆழத்தைப் பற்றிய கவலை மட்டும் மறையவில்லை.

என் தமையனார் மகன் வீட்டில் இருப்பதும் ஒருவகைக் கவலையே. ஆங்கிலத்தில் அதை ஹீட் பம்ப் என்பர். நாம் வெப்ப இறைவை என்போம். நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே ஓடுவதுபோல, வெப்பமும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானே ஓடும். அதை எதிர்த்திசையில் செலுத்த உழைப்பு வேண்டும். வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டி உள்ளே இருக்கும் பாலின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. இயங்கும் பெட்டியின் பின்புறம் கதகதப்பாக இருப்பதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். வெப்ப இறைவை வெளியுலகத்தையே அப்பெட்டியின் உட்புறமாக்கி, வீட்டை அதன் பின்புறமாக்கிக் கொள்கிறது.

உறையவைக்கும் காற்றில் எடுப்பதற்கு வெப்பம் ஏது என்று கேட்பீர்கள். பூஜ்யம் டிகிரி என்பது நீர் உறையும் இடம்; வெப்பம் அற்றுப்போகும் இடமன்று. அந்த அடிமட்டம் அதற்கும் 273 டிகிரி கீழே இருக்கிறது. ஆகவே கழித்தல் 15 டிகிரிக் காற்றும் அடிமட்டத்திலிருந்து 258 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அதிலிருந்து வெப்பத்தை வாங்க, அதனினும் குளிர்ந்த ஒரு பொருள் வேண்டும். புரொப்பேன் என்னும் வாயுவைத் திரவமாக்கினால், சாதாரணக் காற்றழுத்தத்தில் அது கழித்தல் 42 டிகிரியிலேயே கொதிக்கும். இத்தகைய திரவத்தை வெளியேயுள்ள குழாய்ச்சுருளில் அழுத்தம் குறைத்து விட்டால், பனிக்காற்றே அதற்கு அடுப்பாகிறது, அது ஆவியாகிறது. அந்த ஆவியை கம்ப்ரஸர் அமுக்கிச் சூடேற்றுகிறது. வீட்டினுள் வந்து அது மீண்டும் திரவமாகும்போது, வாங்கிய வெப்பத்தையும் கம்ப்ரஸர் கொடுத்த உழைப்பையும் சேர்த்துக் கக்குகிறது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன், யந்திரத்தால் இவ்வாறு கட்டடங்களைச் சூடேற்றலாம் என்று 1852-லேயே எழுதினார். சுவிட்சர்லாந்தில் ஜூரிக் நகர மண்டபம் 1938-இல், அருகே ஓடும் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பம் இறைத்துத் தன்னைச் சூடேற்றிக்கொண்டது.

இனி ஒரு கணக்கு. வீட்டினுள் 21 டிகிரி வேண்டும். அடிமட்டத்திலிருந்து எண்ணினால் அது 294. வெளியே 7 டிகிரி என்றால் தூக்கவேண்டிய உயரம் 14. குறையே இல்லாத யந்திரம், ஒரு பங்கு உழைப்புக்கு 294-ஐ 14-ஆல் வகுத்த 21 பங்கு வெப்பம் தரும். வெளியே கழித்தல் 15 என்றால் உயரம் 36. கிடைப்பது எட்டுப் பங்கு. மெய்யான யந்திரம் இவ்வளவு தராது. வெளிச்சுருள் காற்றைவிடக் குளிர்ந்தும், உட்சுருள் அறையைவிடச் சூடாகவும் இருக்கவேண்டுமாதலால் ஏற்றம் இன்னும் கூடுகிறது, உராய்வும் உண்டு. ஏறக்குறைய, முதல் நிலையில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, மூன்றரை யூனிட் வெப்பமும், இரண்டாவதில் இரண்டு யூனிட்டும் கிடைக்கும். அதுவும் இலாபமே.

சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. கோடையில் பயிரின் தாகம் மிகும். அதே கோடையில்தான் கிணறும் வற்றும். குளிர்நாட்டு வீட்டுக்கும் அதே விதி. வெளிக்குளிர் 7-லிருந்து கழித்தல் 15-க்கு இறங்கும்போது, சுவர் வழியே ஒழுகும் வெப்பம் இரண்டரை மடங்குக்கு மேலாகிறது. இறைவை தரக்கூடிய வெப்பமோ குறைந்துகொண்டு போகிறது. தேவையும் வரத்தும் சமமாகும் உஷ்ணநிலையைச் சமநிலைப் புள்ளி என்பர். அதற்குக் கீழே துணை வெப்பம் வேண்டும்.

துணை பலவகை. கனடாவில் சில வீடுகளில் காற்றுப் பாதையில் மின்கம்பிச் சுருள் வைத்திருப்பார்கள். சிலவற்றில் எரிவாயு உலை. நம்மவர் பலர் குடியேறியுள்ள நார்வேயில், 2020 முதல் கட்டடங்களைச் சூடேற்ற மண்ணெண்ணெய் போன்ற கனிம எண்ணெய் எரிப்பதைச் சட்டம் தடுத்துவிட்டது. அங்கே இறைவைக்குத் துணையாக விறகடுப்பைப் பல வீடுகளில் காணலாம். மின்கம்பிச் சுருளின் கணக்கு எளியது: ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட், மேலே ஒன்றும் இல்லை. கிணற்றில் நூறு சால் ஊறும்போது இருபது சால் குறைந்தால், அந்த இருபதை மட்டும் வண்டித் தண்ணீராக வாங்குவான் உழவன். கிணற்றை மூடிவிட்டு நூறையும் வாங்கமாட்டான். மின்சாரத் துணையும் அவ்வாறே இறைவையோடு சேர்ந்து உழைக்கவேண்டும். எரிவாயு உலை மட்டும் இதற்கு விலக்கு. ஒரே காற்றுப் பாதையில் இரண்டும் அமைந்த வீடுகளில் பெரும்பாலும் ஒன்று ஓயும்போதுதான் மற்றொன்று எரியும். எந்த உஷ்ணநிலையில் மாறுவது என்பதை மின்கட்டணத்தையும் வாயுவின் விலையையும் ஒப்பிட்டு முடிவு செய்வார்கள்.

இப்பொழுது அந்தப் புகைக்கு வருவோம். வெளிச்சுருள் காற்றைவிடக் குளிர்ந்தது என்றேன். காற்று பூஜ்யத்தை அடுத்து ஈரமாக இருந்தால், அந்த ஈரம் சுருளின்மேல் உறைபனியாகப் படிந்து காற்றோட்டத்தை அடைக்கும். கடுங்குளிரில் காற்று வறண்டிருக்கும். ஆதலால் இத்தொல்லை அங்கே குறைவு. பனி படிந்ததை உணர்ந்த யந்திரம் ஒரு வால்வைத் திருப்பித் தன் ஓட்டத்தை மாற்றிக்கொள்கிறது. சில நிமிஷங்கள் வீட்டின் வெப்பத்தையே எடுத்து வெளிச்சுருளைச் சூடாக்குகிறது. அப்போது வெளிவிசிறி நிற்கும். பனி உருகி வெண்ணிற ஆவி எழும். அவன் கண்டது புகையன்று. அந்தச் சில நிமிஷங்களில் உள்ளே குளிர்காற்று வீசாமல் காப்பதும் துணை வெப்பத்தின் வேலையே.

இதை நான் யோசித்துச் சொல்வதற்குள் குழந்தையின் பொருட்டு அவன் வேறொரு காரியம் செய்துவிட்டான். மின்சாரத்தை மறுபடி கொடுத்து, தெர்மாஸ்டாட்டில் 'அவசர வெப்பம்' என்ற நிலைக்குத் திருப்பிவிட்டான். அது இறைவை பழுதுபட்டால் அதை அறவே ஒதுக்கிவிட்டு, துணையை மட்டும் எரிக்கும் நிலை. வீடு சூடாயிற்று, குழந்தை உறங்கிற்று, அவனும் மறந்தான். பழைய நிலைக்குத் திருப்பு என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை. அடுத்த கட்டணச் சீட்டு வந்தபோது முந்தைய மாதத்தினும் இருமடங்குக்குச் சற்றே குறைவு. கடன் வாங்கி வீடு கட்டியவனுக்கு அது சிறு தொகையன்று. தவற்றில் எனக்கும் பங்குண்டு.

சிக்கனம் கருதி அவன் செய்துவந்த இன்னொன்றும் பிறகு தெரிந்தது. காலையில் வேலைக்குப் போகும்போது தெர்மாஸ்டாட்டை ஆறு டிகிரி தாழ்த்துவான். மாலையில் திரும்ப உயர்த்துவான். விளக்கை அணைத்துவிட்டு வெளியே போகும் நம் வீட்டுப் பழக்கம் அது. எண்ணெய் உலைக்கு அது பொருந்தும். வெப்ப இறைவையோ மெல்ல நடக்கும் மாடு. மாலையில் ஒரேயடியாக ஆறு டிகிரி கேட்டால், அதனால் இயலாதென்று கட்டுப்பாட்டுக் கருவி கருதித் துணையை மூட்டிவிடும். பகலில் மிச்சமானது மாலையில் கரைந்துபோகும். இப்பொழுது ஒன்றிரண்டு டிகிரிக்குமேல் தாழ்த்துவதில்லை. வெளியேயுள்ள யந்திரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்திருக்கிறான். அதைச் சுற்றி விழும் பனியை வாரிவிடுகிறான். உள்ளே காற்று வடிகட்டியை மாதந்தோறும் சுத்தம் செய்கிறான்.

இந்தத் தை மாதத்திலும் அவன் பேசினான். வெளியே ஆவி எழும்போது குழந்தையைத் தூக்கிச் சன்னலருகே நின்று காட்டுகிறானாம்.